செயலியில் சேரும் முன் வெளியேறும் வழியைப் பாருங்கள்

புதிய பருவத்தின் முதல் குழுச் சந்திப்பு. பல்கலைக்கழக நூலகத்தில் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். திட்டப்பணிக்கான தலைப்பை இருபது நிமிடத்தில் முடிவு செய்துவிட்டோம். எந்தச் செயலியில் வேலை செய்வது என்பதற்கு முக்கால் மணி நேரம் போதவில்லை.

ஒருவர் நோஷன் என்றார். கணினித்துறை மாணவர் டிஸ்கார்ட் என்றார். வேலைப்பயிற்சியில் ஸ்லாக்கைப் பயன்படுத்திவிட்டு வந்தவருக்கு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. பல்கலைக்கழகமே டீம்ஸ் கொடுத்திருக்கிறது, பிறகு என்ன பேச்சு என்றார் நான்காமவர். நானும் சும்மா இருக்கவில்லை. கூகல் டாக்ஸ் போதும் என்று என் பங்குக்கு வாதாடினேன். கடைசியில் என்ன நடந்தது என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கிவிட்டுக் கலைந்தோம்.

எந்தச் செயலியில் எந்த வசதி இருக்கிறது, எது எவ்வளவு விலை என்ற ஒப்பீடுகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எங்கள் வாக்குவாதமும் அவற்றைப் போலவேதான் இருந்தது: இதில் நாள்காட்டி உண்டு, அதில் வாக்கெடுப்பு உண்டு, இதன் தோற்றம் அழகு. இரண்டு கேள்விகளை மட்டும் எங்களில் யாரும் கேட்கவில்லை. குழுவில் உள்ள எல்லாராலும் இதற்குள் சிரமமில்லாமல் வர முடியுமா? வேலை முடிந்ததும், அல்லது அந்தச் செயலியே இல்லாமல் போனதும், நாம் செய்ததை வெளியே எடுத்துக்கொண்டு போக முடியுமா?

இந்த இரண்டில் ஒன்றை நான் ஓர் இழப்பால் கற்றேன். மற்றொன்றை, இன்னொருவருக்கு நான் செய்த அநியாயத்தால் கற்றேன். அவற்றைச் சொல்லும் முன், ஐரோப்பாவில் இதே விவகாரம் ஐந்தாண்டு விசாரணையாக நடந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் நூலக மேசையில் நடந்ததைவிட அங்கு பணம் அதிகம் புழங்கியது. மற்றபடி பிரச்சினை ஏறக்குறைய ஒன்றுதான்.

சாப்பாட்டோடு வரும் ரசம்

ஸ்லாக் ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் ‘கிளிட்ச்’ என்ற இணைய விளையாட்டை உருவாக்கினார்கள். அது எடுபடாததால் 2012ல் மூடப்பட்டது. தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்கள் செய்துவைத்திருந்த கருவி மட்டும் மிஞ்சியது. அதுவே 2014 பிப்ரவரியில் ஸ்லாக் என்ற பெயரில் பொதுமக்களிடம் வந்தது. நீண்ட மின்னஞ்சல் தொடர்களில் சலித்துப்போயிருந்த அலுவலகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

2016 நவம்பர் 2ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் டீம்ஸை அறிவித்தது. அதே நாளில் ஸ்லாக், நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்து மைக்ரோசாஃப்ட்டைப் போட்டிக்கு வரவேற்றது. கூடவே இந்தத் தொழிலை எப்படிச் செய்ய வேண்டும் என்று சில அறிவுரைகளையும் வழங்கியது! இன்று படித்தால் அந்தத் துணிச்சலைக் கண்டு புன்னகைக்கத்தான் தோன்றுகிறது.

ஏனென்றால் மைக்ரோசாஃப்ட் டீம்ஸைத் தனியாக விற்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கவில்லை. வேர்ட், எக்செல், அவுட்லுக் அடங்கிய தொகுப்புக்கு ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருந்த நிறுவனங்களுக்கு டீம்ஸ் கூடவே வந்தது. தேக்காவில் வாழையிலைச் சாப்பாடு வாங்கினால் ரசமும் சேர்ந்துதான் வரும். பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு அருமையான ரசம் வைத்தாலும், ரசத்துக்கு மட்டும் தனிக்காசு கொடுக்க எத்தனை பேர் போவார்கள்? 2019 நவம்பரில் டீம்ஸை நாள்தோறும் பயன்படுத்தியோர் 20 மில்லியன் பேர். கிருமிப்பரவலால் உலகமே வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கிய 2020 ஏப்ரலில் அந்த எண்ணிக்கை 75 மில்லியன்.

அந்த ஆண்டு ஜூலையில் ஸ்லாக் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. பிரபலமான தொகுப்போடு டீம்ஸைக் கட்டிவைத்து விற்பது போட்டித்தன்மையைக் கெடுக்கிறது என்பதே புகார். விசாரணை முடியும்வரை ஸ்லாக் தனி நிறுவனமாகத் தாக்குப்பிடிக்கவில்லை. 2020 டிசம்பரில் அதை 27.7 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கப்போவதாக சேல்ஸ்ஃபோர்ஸ் அறிவித்தது. ஆணையம் முறையான விசாரணையைத் தொடங்கியது 2023 ஜூலையில்தான். அதற்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் தானாகவே முதலில் ஐரோப்பாவிலும், 2024 ஏப்ரலிலிருந்து உலகெங்கும் நிறுவனங்களுக்கு டீம்ஸ் இல்லாத தொகுப்பை விற்க முன்வந்தது. அது போதாது என்றது ஆணையம். 2025 செப்டம்பர் 12ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அளித்த வாக்குறுதிகளை ஏற்று, அவற்றைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் கடமைகளாக்கி, அபராதம் இல்லாமல் விசாரணையை முடித்தது.

செய்திகளில் பெரிதாக வந்தது விலைதான். டீம்ஸ் இல்லாத தொகுப்பை முன்பைவிடக் கூடுதல் விலை வேறுபாட்டில் விற்க வேண்டும். ரசம் வேண்டாமென்றால் சாப்பாட்டு விலையைக் குறைத்துக்கொள் என்பதைப் போன்றது அது. ஆனால் அந்த வாக்குறுதிகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் டீம்ஸில் உள்ள தங்கள் உரையாடல் தரவை வெளியே எடுத்து, போட்டியாளரின் செயலியில் பயன்படுத்த மைக்ரோசாஃப்ட் வழிசெய்ய வேண்டும். மற்ற வாக்குறுதிகளில் பெரும்பாலானவை ஏழு ஆண்டுகளுக்கு. தரவை எடுத்துச் செல்வதும் பிற செயலிகளோடு இணைந்து இயங்குவதும் பத்து ஆண்டுகளுக்கு.

இந்த வேறுபாடு தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. விலையைக் குறைத்தால் மட்டும் யாரும் மாறிவிட மாட்டார்கள். மூன்றாண்டு உரையாடல்கள், முடிவுகள், கோப்புகள் எல்லாம் ஓரிடத்தில் கிடக்கும்போது, அவற்றை விட்டுவிட்டுப் போக எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது. ஒரு செயலியில் மக்களைப் பிடித்துவைப்பது அதன் வசதிகளைவிட அதற்குள் அவர்கள் போட்டுவைத்திருக்கும் உழைப்புதான். ஆணையம் அதைப் புரிந்துகொண்டிருக்கிறது.

நம் பக்கமும் வந்த தொகுப்பு

இது ஐரோப்பாவின் தலைவலி என்று விட்டுவிட முடியாது. 2024 இறுதியில் மைக்ரோசாஃப்ட் தன் தனிநபர், குடும்பத் தொகுப்புகளில் ‘கோப்பைலட்’ என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்து விலையை உயர்த்தியது. மற்ற நாடுகளுக்கு முன்பாக இதை எதிர்கொண்டவை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், தைவான், தாய்லாந்து ஆகியவை. வீட்டில் தம்பி தங்கையின் பள்ளிக் கட்டுரைகளுக்காகச் சந்தா கட்டும் பெற்றோர் பலர் விலை ஏறியதைக் கடன்பற்று அட்டைக் கணக்கில்தான் பார்த்திருப்பார்கள்.

கோப்பைலட் இல்லாத பழைய தொகுப்பும் பழைய விலையில் இருக்கத்தான் செய்தது. ஆனால் சந்தாவை ரத்துசெய்யும் பக்கம்வரை போனால்தான் அது கண்ணில் படும்படி அமைக்கப்பட்டிருந்தது என்பது ஆஸ்திரேலியப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்தின் குற்றச்சாட்டு. ஏறக்குறைய 2.7 மில்லியன் வாடிக்கையாளர்கள் தவறான எண்ணத்துக்கு உள்ளாக்கப்பட்டார்கள் என்று கூறி அது 2025 அக்டோபரில் நீதிமன்றத்துக்குச் சென்றது. அதற்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் அங்குள்ள சந்தாதாரர்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

மைக்ரோசாஃப்ட்டை மட்டும் குறைசொல்லும் நோக்கம் எனக்கில்லை. அன்று நூலகத்தில் நாங்கள் வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதே காரணம்தான். அது நல்ல கருவி என்பதால் அல்ல, ஐந்து பேரின் திறன்பேசியிலும் ஏற்கெனவே இருந்ததால். யாரும் யாரையும் சேரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. அந்த வசதிக்கு நாங்கள் கொடுக்கும் விலை, “சரி, அந்தப் பகுதியை நான் பார்த்துக்கிறேன்” என்று யார் எப்போது சொன்னார் என்பதை முந்நூறு குறுந்தகவல்களுக்கும் பதினைந்து பூனை ஸ்டிக்கர்களுக்கும் நடுவே தேடுவது.

இலவசம் என்பது எதுவரை

மாணவர்களாகிய நாம் பெரும்பாலும் இலவசத் திட்டங்களை நம்பித்தான் இருக்கிறோம். கடந்த சில ஆண்டுகளில் அந்தத் திட்டங்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் ஒரே திசையில் போவது தெரியும்.

ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் முன்பு கடைசி 10,000 செய்திகளைப் பார்க்க முடிந்தது. 2022 செப்டம்பரிலிருந்து கடைசி 90 நாள் செய்திகளை மட்டுமே பார்க்கலாம். 2024 ஆகஸ்ட் 26ஆம் தேதியிலிருந்து, ஓராண்டுக்கு மேற்பட்டவை இலவசப் பயனாளர்களிடமிருந்து நிரந்தரமாக அழிக்கப்படுகின்றன. ஸ்லாக் என்ற பெயருக்கே ‘எல்லா உரையாடலும் அறிவும் அடங்கிய, தேடக்கூடிய பதிவேடு’ என்று ஓர் ஆங்கில விரிவாக்கம் உண்டு என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது.

குறிப்பெடுக்கப் பலரும் நம்பியிருந்த எவர்நோட் கைமாறிய பிறகு, 2023 டிசம்பரில் இலவசப் பயனாளருக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு குறிப்பேடு என்று வரம்பு வைத்தது. வேலைகளை அட்டைகளாக நகர்த்தும் டிரெல்லோ, 2024ல் இலவசத் தளம் ஒன்றில் பத்துப் பேருக்கு மேல் சேர முடியாது என்றது. ஐந்து பேர் கொண்ட திட்டப்பணிக் குழுவுக்கு அது பொருட்டில்லை. கலாசார விழா நடத்தும் மாணவர் மன்றத்துக்கு அது பெரிய இடி. பல்கலைக்கழகங்களே இதிலிருந்து தப்பவில்லை. கல்வி நிலையங்களுக்கு வரம்பில்லாச் சேமிப்பிடம் தந்துவந்த கூகல், 2022 ஜூலையிலிருந்து ஒரு நிலையம் முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட் என்பதை அடிப்படை அளவாக்கியது. ஆய்வுத் தரவும் விரிவுரைக் காணொளிகளும் குவிந்திருக்கும் பெரிய பல்கலைக்கழகத்துக்கு அது சீக்கிரம் நிரம்பிவிடும்.

இந்த நிறுவனங்கள் தர்மத்துக்குக் கடை நடத்தவில்லை. இடத்துக்கும் மின்சாரத்துக்கும் யாராவது பணம் கட்டத்தான் வேண்டும். நான் சொல்வதெல்லாம், இன்று கையெழுத்திடும்போது இருக்கும் நிபந்தனை நாம் பட்டம் வாங்கும்போது இருக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது என்பதுதான்.

சில நேரங்களில் நிபந்தனை மாறுவதில்லை, செயலியே போய்விடுகிறது. 2011ல் 8.5 பில்லியன் டாலர் கொடுத்து வாங்கிய ஸ்கைப்பை மைக்ரோசாஃப்ட் 2025 மே 5ஆம் தேதி மூடியது. தொழில்நுட்ப வசதி குறைவாக இருந்த காலத்தில் நம் தாத்தா பாட்டிகள் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்த செயலி அது. மெட்டா நிறுவனத்தின் ‘வொர்க்பிளேஸ்’, அலுவலகங்களுக்கான ஃபேஸ்புக் போன்றது. அது மூடப்படும் என்று 2024 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. பல வகுப்பறைகளில் வெண்பலகையாகப் பயன்பட்ட கூகலின் ‘ஜாம்போர்டு’ 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றது.

ஜாம்போர்டு முடிவில் ஒரு நுட்பம் உண்டு. பயனாளர்களின் பலகைகள் அழிக்கப்படவில்லை. பிடிஎஃப் கோப்புகளாக மாற்றப்பட்டன. பார்க்கலாம், அச்சிடலாம். ஆனால் மஞ்சள் துண்டுச்சீட்டை எடுத்து வேறிடத்தில் ஒட்ட முடியாது. வேலை பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதைத் தொடர முடியாது. ‘பதிவிறக்கம் செய்யலாம்’ என்று ஒரு செயலி சொல்லும்போது, எந்த வடிவத்தில் என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். நோஷன் எழுத்துப் பக்கங்களை எளிய உரை வடிவத்தில் தருகிறது. அட்டவணைகளை எக்செலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாகத் தருகிறது. டிரெல்லோவின் இலவசத் திட்டத்தில் கிடைப்பது ஜேசான் என்ற வடிவம். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு அது தங்கம். மற்றவருக்கு அது அடைப்புக்குறிகளின் குவியல்.

மூடிய கணக்கு

இனி என் கதை. பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டில் நாங்கள் நான்கு பேர் ஓர் ஆண்டு முழுவதும் ஒரு திட்டப்பணி செய்தோம். நேர்காணல்கள், ஒலிப்பதிவுகள், படிவங்கள், அறிக்கையின் பதினான்கு வரைவுகள் எல்லாம் இணையத்தில் ஒரு பகிர்வுக் கோப்புறையில் இருந்தன. முதல் நாளே சுறுசுறுப்பாக எல்லாக் கோப்புகளையும் திறந்து, தலைப்பிட்டு, எங்களுக்கு இணைப்பை அனுப்பியவர் எங்கள் குழுத்தலைவர். அவர் பயன்படுத்தியது அவருடைய கல்லூரிக் கணக்கு. நாங்கள் எல்லாரும் எழுதலாம், அழிக்கலாம், திருத்தலாம். ஆகவே அது ‘எங்கள்’ கோப்புறை என்றே நினைத்தோம்.

படிப்பு முடிந்தது. அவர் தேசிய சேவைக்குப் போனார். நான் வேலைக்குப் போனேன். பல மாதங்களுக்குப் பிறகு பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காக அந்த இணைப்பைச் சொடுக்கினேன். கோப்பு இல்லை என்றது திரை. கல்லூரிக் கணக்கு விதிப்படி மூடப்பட்டிருந்தது. கணக்கோடு, அதன் பெயரில் இருந்த கோப்புகளும் போய்விட்டன. அவரைத் தொடர்புகொண்டபோது அவரும் அதிர்ந்துபோனார். என் கையில் மிஞ்சியது, நாங்கள் சமர்ப்பித்த இறுதி அறிக்கையின் ஒரு பிரதி மட்டும். அதுவும் அம்மாவின் வாட்ஸ்அப்பில், “பாருங்கம்மா முடிச்சிட்டோம்” என்று நான் அனுப்பியது.

இதில் யார்மீதும் பழிபோட முடியாது. கணக்கு மூடப்படும் என்று கல்லூரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. எழுதும் உரிமை வேறு, கோப்பின் உரிமையாளராக இருப்பது வேறு என்பதை நாங்கள் நால்வரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஒலிப்பதிவில் பேசியிருந்த முதியவர்களில் ஒருவர் இப்போது இல்லை. அவர் குரலை மறுபடி பதிவுசெய்ய முடியாது.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதைவிடப் பெரிய அதிர்ச்சியை 2024 ஆகஸ்ட்டில் சந்தித்தார்கள். மொபைல் கார்டியன் குழுப்பணிச் செயலி அல்ல. பள்ளிச் சாதனங்களை நிர்வகிக்கும் செயலி. அந்த நிறுவனத்தின் தளத்தில் யாரோ ஊடுருவியதால், இங்கு 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்த தரவு தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டது. கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கியது. அன்று குறிப்புகளை இழந்தவர்களுக்கும் இழக்காதவர்களுக்கும் இருந்த வேறுபாடு உழைப்பிலோ அறிவிலோ இல்லை. குறிப்புகள் சாதனத்தில் மட்டும் இருந்தனவா, வேறோரிடத்திலும் இருந்தனவா என்பதுதான்.

பள்ளியிலோ அலுவலகத்திலோ கருவியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அவர்களே தருகிறார்கள். 2020 ஏப்ரலில் முழுமையாக வீட்டிலிருந்து கற்றல் தொடங்கியவுடனேயே உயர்நிலை 1 வகுப்பொன்றின் ஸூம் பாடத்தில் அந்நியர்கள் நுழைந்து ஆபாசப் படங்களைக் காட்டினார்கள். அமைச்சு ஸூமை நிறுத்திவைத்து, சில நாள்களில் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கூட்டி மறுபடி அனுமதித்தது. கருவி நம் கையில் இல்லாதபோதும் பிரதி நம் கையில் இருக்கலாம்.

திருத்த வரலாற்றில் இல்லாத பெயர்

இரண்டாவது கதையைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. அதற்கு முந்திய ஆண்டில் வேறொரு குழுவில் ஒரு நண்பர் இருந்தார். வார நாள்களில் மாலை முழுவதும் உணவங்காடி நிலையத்தில் வேலை செய்வார். வீட்டில் ஒரே மடிக்கணினி. அது தங்கையின் பள்ளிப் பாடத்துக்கு. அவரிடம் இருந்தது பழைய திறன்பேசி ஒன்று.

நாங்கள் மற்றவர்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த செயலி மடிக்கணினியில் கண்ணுக்குக் குளிர்ச்சி. வண்ணப் பலகைகள், இழுத்து நகர்த்தும் அட்டைகள், பக்கத்துக்குள் பக்கம். அவருடைய திறன்பேசியில் அது திறக்கவே அரை நிமிடம் ஆகும். அட்டவணையில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்குள் அடுத்த வாடிக்கையாளர் வந்துவிடுவார். ஆகவே அவர் தம் பகுதியை வாட்ஸ்அப்பில் பத்தி பத்தியாகத் தட்டச்சு செய்து அனுப்பினார், பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு. எங்களில் ஒருவர் அதை எடுத்துச் செயலியில் ஒட்டினார்.

பருவ இறுதியில் சக மாணவர் மதிப்பீடு வந்தது. யார் எவ்வளவு செய்தார் என்று நினைவுபடுத்திக்கொள்ளச் செயலியின் திருத்த வரலாற்றைத் திறந்தோம். அதில் அவர் பெயர் நான்கைந்து இடங்களில்தான் இருந்தது. நானும் அவருக்குக் குறைவாகத்தான் போட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த பருவத்தில் தற்செயலாக அந்த வாட்ஸ்அப் குழுவில் வேறெதையோ தேடியபோதுதான், இரவு 1.40, 2.15 என்ற நேரக்குறிப்புகளோடு அவர் அனுப்பியிருந்த பத்திகளைப் பார்த்தேன்.

கருவி பதிவுசெய்வதே நடந்தது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பதிவாகாத உழைப்பு சோம்பலாகத் தெரிகிறது. பணியிடங்களில் இத்தகைய தளங்களின் பதிவுகளை வைத்து ஊழியரை எடைபோடும் மேலாளர்கள் இருந்தால், அவர்களும் அன்று நாங்கள் செய்ததைத்தான் செய்வார்கள். அவரிடம் நான் பிறகு மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை, விடு” என்றார். மதிப்பெண்ணை மாற்றும் காலம் கடந்திருந்தது.

ஐந்து நிமிடச் சோதனை

ஆகவே நூலகத்தில் தொடங்கிய வாக்குவாதத்தை அடுத்த வாரச் சந்திப்பில் வேறு மாதிரி தொடர்ந்தோம். முதலில், குழுவில் உள்ளவற்றிலேயே மிகப் பழைய திறன்பேசி யாருடையது என்று கேட்டோம். போட்டியில் இருந்த செயலிகளை அதில் திறந்தோம். அழகான இரண்டு அங்கேயே விழுந்தன.

மிஞ்சியவற்றில் ஒரு பக்கத்தை உருவாக்கி, அதில் ஓர் அட்டவணை, ஒரு படம், ஒரு கருத்துக் குறிப்பு, தமிழில் ஒரு பத்தி ஆகியவற்றைப் போட்டோம். பிறகு அதைப் பதிவிறக்கம் செய்து, இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறொரு மென்பொருளில் திறந்து பார்த்தோம். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றில் கருத்துக் குறிப்பு காணாமல் போனது. இன்னொன்றில் தமிழ் எழுத்துகள் பிடிஎஃப்பில் கொம்பும் காலும் பிரிந்து சிதறின. நாங்கள் எடுக்கப்போவது தமிழ் நேர்காணல்கள் என்பதால் அதை உடனே விட்டோம். இந்தச் சோதனை எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இருக்காது.

பெரியவர்களும் இதைச் செய்கிறார்கள். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, ஏறக்குறைய 30,000 அரசாங்கக் கணினிகளை மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸிலிருந்து லிப்ரஆஃபிஸ் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றும் முடிவை 2024 ஏப்ரலில் அறிவித்தது. ஒரு நிறுவனம் விலையையோ நிபந்தனையையோ மாற்றினால் அரசாங்கம் கைகட்டி நிற்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். மாணவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலையிடத்தில் டீம்ஸும் எக்செலும்தான் காத்திருக்கின்றன. அவற்றை அறியாமல் போனால் நமக்குத்தான் கஷ்டம். வேலைப்பயிற்சிக்குப் போகும் இடத்தில் எது கொடுத்தாலும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம் என்பது என் அனுபவம். பொத்தான்கள் இடம்மாறுகின்றன, மற்றபடி அட்டை அட்டைதான், உரையாடல் உரையாடல்தான்.

எங்கள் ஐவரின் முடிவு யாருக்கும் முழுத் திருப்தி தரவில்லை. எழுத்துக்குப் பகிர்வு ஆவணம் ஒன்று, வேலைப் பங்கீட்டுக்கு நான்கு பத்திகளே கொண்ட விரிதாள் ஒன்று, பேச்சுக்கு அதே வாட்ஸ்அப். முடிவுகளை மட்டும் யார் சொன்னார், எந்தத் தேதி என்று விரிதாளில் எழுதிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த பத்தியை ஆவணத்தில் ஒட்டுபவர், எழுதியவர் பெயரையும் சேர்த்தே ஒட்ட வேண்டும். இந்த விதியை நான்தான் கேட்டு வாங்கினேன். ஆவணங்களின் உரிமையாளர் இருவர்: ஒரு பிரதி பல்கலைக்கழகக் கணக்கில், இன்னொன்று வெளியே ஒரு தனிக்கணக்கில். நேர்காணல் தந்தவர்களின் பெயர், தொலைபேசி எண் அடங்கிய கோப்பு மட்டும் தனிக்கணக்கிற்குப் போகாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் பதிவிறக்கம் செய்கிறோம். சென்ற முறை என் முறை. விரிதாளில் கணக்கிடும் பத்தி ஒன்று வெறும் எண்களாக வந்திருந்தது. சூத்திரத்தைத் தனியே எழுதிவைத்தேன். ஒலிப்பதிவு ஒன்று பாதியில் நின்றது, மறுபடி இறக்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்லாக் நண்பரின் முறை. “ஸ்லாக்கில் இருந்திருந்தால் இவ்வளவு வேலை இருக்காது” என்று அவர் இன்னும் வாட்ஸ்அப்பில் புலம்பிக்கொண்டிருக்கிறார்.